கிளம்புகிறவர்களுக்குக் கொழுக்கட்டை

ஷென்யாங்,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை யாலிங்குக்கு,

உன் அக்கா யாச்சின் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று எழுதினால் உடனே போன் செய்வாய், போனில் நான் சுகம் என்றுதான் சொல்வேன். ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உனக்கு அனுப்பும் பெட்டியில் காய்ந்த காளானும் சோயா விழுதும் வைத்த பிறகு ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. போனில் மனம் விட்டுப் பேசவும் முடிவதில்லை. அப்பாவுக்கு வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் முக்கால்வாசி போயிற்று. காது மட்டும் பாம்புச் செவி. சமையலறையில் நின்று நான் கிசுகிசுத்தாலும் உள்ளேயிருந்து கட்டிலைத் தட்டுகிறார். "ஏய்" என்கிறார். ஓடிப்போய் நின்றால் ஒன்றும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும் அவருக்கு.

கோஸ் வாங்கிப் படிக்கட்டு ஓரமாக அடுக்கிவிட்டேன். மேல் வீட்டுக்காரி வழக்கம்போல் நடக்க வழியில்லை என்று முணுமுணுத்தாள். பாதியைப் பானையில் போட்டு உப்பிட்டு அமுக்கிக் கல்லும் வைத்தாயிற்று. பனி விழுவதற்குள் புளித்துவிடும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வைத்த புதுப் பெண்ணும் ஓடிவிட்டாள். கஞ்சிக் கிண்ணத்தை இடது கையாலேயே எறிந்தார். ஆலையில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர் அல்லவா, குறி தப்பவில்லை. அந்தப் பெண் தலையைத் துடைத்துக்கொண்டே, "ஆன்ட்டி, உங்களுக்கு எங்கிருந்து இவ்ளோ பொறுமை?" என்று கேட்டாள். பொறுமை எல்லாம் இல்லை, எனக்கு ஓட இடமில்லை, அவ்வளவுதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

நிங்நிங் நேற்றும் பேசினாள். அடுத்த மாதம் பதினாறாம் தேதி கல்யாணம், ஷியாமெனில் மாப்பிள்ளை வீட்டார் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்களாம். "அம்மா, நீ அலையாத. தாத்தாவ விட்டுட்டு எப்படி வருவ? போன்லயே நேரா காட்டிடறோம், பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "சடங்குல டீ குடுக்கறப்ப அம்மா நாற்காலில சித்தி உக்காரட்டுமா?" என்று கேட்டாள். உட்காரட்டும், அவளும் உனக்கு அம்மாதானே என்றேன். நீ இருக்கும் தீவில் கல்லூரியில் படித்த காலமெல்லாம் உன் கைச்சோறு தின்றவள். உனக்கு இல்லாத உரிமையா? நீ தைக்கக் கொடுத்த சிவப்பு ஆடையின் படத்தையும் காட்டினாள். உனக்கு எடுப்பாக இருக்கும். கழுத்துதான் கொஞ்சம் இறக்கம்.

இனி நீ சிரிக்க ஒரு கதை சொல்கிறேன்.

ஹோ மாமாவை நினைவிருக்கிறதா? அப்பாவோடு ஆலையில் இருந்தவர். செவ்வாயும் வெள்ளியும் பிற்பகலில் சதுரங்கப் பலகையோடு வந்துவிடுவார். அவருக்குக் காது கேட்காது, அப்பாவுக்குப் பேச வராது. இருவரும் அப்படிச் சண்டை போடுவார்கள். அந்த நேரம்தான் எனக்கு விடுதலை. மருந்துக்கடையில் அப்பாவுக்கு டயப்பர் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். அது சாக்கு. வாங்கிய கையோடு வீடு திரும்பாமல் ஊரைச் சுற்றி நடப்பேன். எங்கே என்றெல்லாம் கிடையாது, கால் போன போக்கு. ஆனால் இந்தக் கால் எப்படித் திரும்பினாலும் ரயில் நிலையம் பக்கமே போகிறது.

போன வெள்ளிக்கிழமை நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நுழைந்தேன். ஒரே கூரையின் கீழ் நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு சின்னக் கடைகள். இந்தப் பக்கம் கொழுக்கட்டை, அந்தப் பக்கம் நூடுல்ஸ். கொழுக்கட்டைக் கடை வாசலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. காற்று வேறு காதை அறுத்தது. உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று திரைச்சீலையை விலக்கினேன். முழங்கை வரை மாவு பூசிய ஒருவர், குவான் என்று பெயர், என் கையில் இருந்த பெரிய கட்டம் போட்ட பையைப் பார்த்துவிட்டு, "அக்கா, கிளம்புறீங்களா, வந்து எறங்குறீங்களா?" என்று கேட்டார்.

கிளம்புகிறவர்களுக்குக் கொழுக்கட்டை, வந்து இறங்குகிறவர்களுக்கு நூடுல்ஸ் என்று நம் வீட்டிலும் உண்டுதானே. ஆனால் அந்த மனிதர் அதைக் கடைச் சட்டமாகவே வைத்திருக்கிறார். என் கண் முன்னாலேயே ஒரு பையன் உள்ளே வந்து பெய்ஜிங்கிலிருந்து இறங்கினேன் என்றதும், "அப்ப பக்கத்துக் கடைக்குப் போ தம்பி, அங்க நூடுல்ஸ் இருக்கு" என்று தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். பக்கத்துக் கடை அவருடைய பெண்டாட்டியுடையதாம், இல்லை, முன்னாள் பெண்டாட்டி. விவாகரத்தானபோது கடையைச் சுவர் வைத்துப் பிரித்து, அவர் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டார், அவள் நூடுல்ஸை எடுத்துக்கொண்டாள். பக்கத்து மேசையில் இருந்த லாரி டிரைவர் பூண்டைக் கடித்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னார். "சட்டமும் இல்ல, சம்பிரதாயமும் இல்லக்கா. அவளுக்கு வியாபாரம் போய்ச் சேரணும்னு ஆளு தவிக்கிறாரு" என்று கண்ணடித்தார். குவான் காதில் விழாத மாதிரி மாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

சும்மா நடக்க வந்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கிளம்பறேன்" என்று வந்துவிட்டது.

எங்கே என்று கேட்டார். ஷியாமென் என்றேன். என்ன விசேஷம் என்றார். மகள் கல்யாணம் என்றேன். அவ்வளவுதான், கடை முழுக்க என்னைப் பார்த்துத் திரும்பிவிட்டது. கொஞ்சமாகத்தான் கேட்டேன். "பொண்ணு கல்யாணத்துக்குப் போறவங்க சாப்பிடற அளவா இது? வழியில மயங்கி விழுந்தா என் கடை பேருல்ல கெடும்!" என்று தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். புளித்த கோஸும் பன்றிக்கறியும். கறியைக் கத்தியால் கொத்தியிருக்கிறார், இயந்திரத்தில் அரைக்கவில்லை. ஓரம் தடித்து நடுவில் மெல்லிசாக, கடித்ததும் சாறு நாக்கைச் சுட்டது. வேறு யாரோ சமைத்ததைச் சூடு ஆறாமல் உட்கார்ந்து தின்று எத்தனை காலமாயிற்று! யாரும் கட்டிலைத் தட்டவில்லை. கொழுக்கட்டை வெந்த நீரையும் குடிக்க ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். ஷியாமெனில் வெயில் கொளுத்தும், சிப்பி தின்றால் வயிற்றைக் கெடுக்கும், சம்பந்தி வீட்டில் வாயைக் கொடுக்காதே என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். காலடியில் அப்பாவின் டயப்பர்.

கிளம்பும்போதுதான் வினை. அந்த லாரி டிரைவர் என் பையைப் பிடுங்கிக்கொண்டார். "கல்யாண வீட்டு சாமான் அக்கா, நீங்க தூக்கக் கூடாது" என்று நிலைய வாசல் வரை வந்தார். "என்னக்கா, இவ்ளோ லேசா இருக்கு? பஞ்சு மெத்தையா சீர்?" என்று கேட்டார். ஆமாம், மெத்தைதான் என்றேன். வரிசையில் என்னை நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிக் கை காட்டிக்கொண்டே போனார். அவர் மறையும் வரை மூட்டை முடிச்சோடு நின்றவர்கள் நடுவே நானும் நின்றேன். எல்லாரும் முன்னே நகர்ந்தார்கள், நான் ஒதுங்கி நின்று வழிவிட்டேன். பிறகு வீட்டுக்கு நடந்தேன்.

இன்று ஹோ மாமா வந்திருக்கிறார், ஆனால் நான் வெளியே போகவில்லை. போனால் குவான் கண்ணில் பட்டுவிடுவேன். இருந்த ஒரு நடையையும் என் வாயாலேயே அடைத்துக்கொண்டேன் பார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கல்யாணத்துக்கு நிம்மதியாகப் போய் வா. என்னைப் பற்றி நினைக்காதே, நான் போனில் பார்த்துக்கொள்கிறேன். கட்டிலைத் தட்டுகிறார், நிறுத்துகிறேன்.

சனிக்கிழமை

யாலிங், கடிதத்தை மடித்துப் பெட்டியிலும் வைத்துவிட்டேன். மறுபடி எடுத்திருக்கிறேன். மேலே எழுதியதில் எதையும் அடிக்கவில்லை, நீ படிக்க வேண்டும் என்றே விட்டிருக்கிறேன். கடைசியில் எழுதியது மட்டும் பொய்.

நேற்று வெள்ளிக்கிழமை. வீட்டில் இருக்கத்தான் நினைத்தேன். ஹோ மாமா காய்களை அடுக்க ஆரம்பித்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்தச் சந்துக்குள் போகவில்லை, சந்து முனையைக் கடந்து எதிர்ச்சாரியில் தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். குவான் பாத்திரத் தண்ணீரைக் கொட்ட வெளியே வந்த நேரமாகவா அது இருக்க வேண்டும்? "அக்கா! ஷியாமென் அக்கா!" என்று தெருவே கேட்கக் கத்தினார். "அதுக்குள்ள திரும்பிட்டீங்களா? கல்யாணம் நல்லா நடந்துச்சா? இங்க வராதீங்க, இங்க வராதீங்க, வந்து எறங்கினவங்களுக்கு அந்தப் பக்கம்!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நூடுல்ஸ் கடையில் உட்கார வைத்தார். தான் உள்ளே வரவில்லை. வாசப்படியில் நின்றபடியே, "லுவோ, இந்த அக்கா பொண்ணு கல்யாணம் முடிச்சு வந்திருக்காங்க, நல்லா கவனி" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

அந்த லுவோ என்கிறவள் உன் வயது இருப்பாள். கறாரான முகம். ஒன்றும் கேட்காமல் மாவை இழுத்து, கொதிக்கும் நீரில் போட்டு, முட்டை உடைத்து ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து, "மாப்பிள உங்கள அம்மான்னு கூப்பிட்டப்ப அழுதீங்களா? நானா இருந்தா அழுதிருப்பேன்" என்றாள்.

உனக்கு எப்படிச் சொல்வது? அந்தக் கிண்ணத்தை அப்பால் தள்ளிவைத்தேன். இதைத் தின்றால் நான் போய் வந்தவள் ஆகிவிடுவேன். என் பயணம் முடிந்துவிடும். வீட்டை விட்டு நகராமலேயே, மகள் முகத்தைப் பார்க்காமலேயே எல்லாம் முடிந்து நான் வந்து இறங்கிவிட்டேன் என்று ஆகிவிடும். பைத்தியக்காரத்தனம் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். சாப்பிடும் குச்சியை எடுக்கக் கை வரவில்லை. "நான் இன்னும் போகல" என்றேன். சொல்லிவிட்டு அந்த மேசையில் தலையை வைத்து அழுதேன். அப்பா விழுந்த அன்றும் நான் இப்படி அழவில்லை.

லுவோ கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போகாதவங்களுக்கு என் கடையில நூடுல்ஸ் கெடையாது. இது எனக்கு மதியச் சாப்பாடு" என்று அவளே சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பிட்டுக்கொண்டே சுவரைக் கரண்டியால் தட்டி, "யோவ்! ஒனக்குக் கண்ணு எங்க இருக்கு? போகாதவங்களக் கொண்டாந்து எறக்கி விட்டிருக்க!" என்று கத்தினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து, "போகலியா? அப்ப நான் போட்ட கொழுக்கட்ட என்ன ஆச்சு?" என்று குரல் வந்தது.

"அத இனிமேயா வாந்தி எடுக்கச் சொல்ற?"

"வாந்தி எடுக்க வேணாம். சாப்பிட்டவங்க கிளம்பணும். என் கடையில சாப்பிட்டுக் கிளம்பாதவங்க இதுவரைக்கும் இல்ல!"

"நானும்தான் ஒன் கடையில சாப்பிட்டுக் கிளம்பினேன். இந்தச் சுவரு வரைக்கும்தான் வந்தேன்!"

அந்தப் பக்கம் கறி கொத்துகிற சத்தம் பலமாகக் கேட்டது. லுவோ கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. பிறகு அவள் மெதுவாக, யார் உங்களைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டாள். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். வேறு பிள்ளைகள் இல்லையா என்றாள். தங்கை இருக்கிறாள் என்றேன். "அவங்க வந்து பாத்துக்கலாமே, எங்க இருக்காங்க?" என்றாள். தீவில் இருக்கிறாள், அவளும் அந்தக் கல்யாணத்துக்குத்தான் போகிறாள், என் நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்றேன். லுவோ வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. "அவங்க கிட்ட கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் கேட்கவில்லை, யாலிங். ஒரு தடவைகூட உன்னிடம் கேட்கவில்லை. நீயாகச் சொல்வாய் என்று ஒவ்வொரு போனிலும் காத்திருந்தேன். நீ ஆடையைப் பற்றிச் சொன்னாய், விமானத்தைப் பற்றிச் சொன்னாய், நான் நல்லது நல்லது என்றேன். நான் இப்படியே இருப்பவள் என்று நீ நினைத்துவிட்டாய். நிங்நிங்கும் நினைத்துவிட்டாள். மேசை நாற்காலி மாதிரி, இந்த வீட்டில் நான் இருக்கும் இடம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வந்து நகர்த்திப் பார்த்ததில்லை. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆனால் கேட்காமல் கோபப்பட்டது என் முட்டாள்தனம். ஆகையால் இப்போது கேட்கிறேன்.

நீ இங்கே வா. கல்யாணத்துக்கு நான் போகிறேன்.

உனக்கு இது பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? நிங்நிங்கை நீயும் வளர்த்தாய். அந்தச் சிவப்பு ஆடையை எனக்குக் கொடுத்துவிடு என்றெல்லாம் கேட்கமாட்டேன், அதை நீயே வைத்துக்கொள், அவள் பிள்ளை பெறும்போது நீ போ, அப்போது நான் வாயே திறக்கமாட்டேன். ஆனால் அந்தப் பையன் முழங்காலிட்டு இரண்டு கையாலும் டீக்கிண்ணத்தை நீட்டி முதல் தடவையாக "அம்மா" என்று கூப்பிடுவானே, அந்த ஒரு சொல்லைப் போனில் கேட்க என்னால் முடியாது. அதற்கு "என்னப்பா" என்று பதில் சொல்கிற வாய் என்னுடையதாக இருக்க வேண்டும்.

இன்று காலை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலேயே சொன்னேன், திட்டு. யாலிங் வருவாள், நான் கொஞ்ச நாள் இருக்கமாட்டேன் என்றேன். கட்டிலைத் தட்டுவார், கையில் கிடைத்ததை எறிவார் என்று நினைத்துக் கண்ணாடி டம்ளரை எடுத்து அப்பால் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் "லிங்" என்றார். தெளிவாகச் சொன்னார். அவர் வாயில் மிச்சமிருக்கிற நாலைந்து சொற்களில் உன் பெயர் ஒன்று. என் பெயர் இல்லை, நான் "ஏய்"தான். காலையிலிருந்து படியில் யார் ஏறினாலும் கதவைப் பார்க்கிறார். எனக்கு எப்படி இருந்தது என்று உன்னிடம் சொல்லமாட்டேன். ஆனால் உனக்கு அவரோடு கஷ்டம் இருக்காது என்று மட்டும் தெரிகிறது.

பயப்படாதே. அவரைக் குளிப்பாட்ட ஹோ மாமாவின் மகன் வந்து தூக்கிக் கொடுப்பான். முகம் ஜன்னல் பக்கம் இருக்கும்படி படுக்க வை, இல்லாவிட்டால் கத்துவார். கஞ்சி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். முதல் கிண்ணத்தை எப்படியும் எறிவார். அதனால் முதலில் காலிக் கிண்ணத்தைக் கையில் கொடு, எறியட்டும், பிறகு கஞ்சி உள்ளதைக் கொடு, சாதுவாகக் குடிப்பார். இதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. வந்த பெண்களுக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

தடித்த கோட்டு கொண்டு வா, தீவுக் காற்றுக்குப் பழகிய உடம்பு இந்தக் குளிரைத் தாங்காது. நீ வந்து இறங்குகிற அன்று மாவு பிசைந்து வைத்திருப்பேன், சூடாக நூடுல்ஸ் போடுகிறேன். நான் கிளம்புகிற காலையில் நீ எனக்குக் கொழுக்கட்டை செய்து தர வேண்டும். நீ தீவுக்குப் போனபோது நான் செய்தேன். நிங்நிங் படிக்கப் போனபோது செய்தேன். அவள் அப்பாவை வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் செய்தேன், அவர் திரும்பவில்லை. இந்த வீட்டில் எனக்காக யாரும் செய்ததில்லை, நான் எங்கேயும் கிளம்பியதில்லையே. உனக்கு மடிக்க வராது, எனக்குத் தெரியும். ஓரம் ஒட்டாமல் தண்ணீரில் பிரிந்துபோகும். போகட்டும். கோஸும் கறியும் மாவும் தனித்தனியாக மிதந்தாலும் அந்தக் கிண்ணத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் படி இறங்குவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் காலில் எப்போதும் வலு இருக்க வேண்டும். போனில் பதில் சொல்லாதே, அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். வந்து கதவைத் தட்டு.

உன் அக்கா,
யாச்சின்